பழைய சேசிஸ், புதிய பாடி: கைத்திறன் எப்போது தொழிலாகிறது?



கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கார் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், ஷா ஆலாம், கிள்ளான் என எந்தப் பக்கம் போனாலும் தகரம் தட்டுபவர், வெல்டிங் வைப்பவர், சாயம் அடிப்பவர் என்று கைத்திறன் மிக்க தொழிலாளர்களைக் காணலாம். அவர்களில் நம்மவர்கள் பலர். விபத்தில் நசுங்கி வந்த காரை, இது அடிபட்ட கார்தானா என்று கேட்கும் அளவுக்குத் திருத்திக் கொடுக்கும் கைகள் அவை.

இத்தகைய பட்டறைகளில் வளரும் இளைஞர்கள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. ஓடாமல் கிடக்கும் பழைய கார் ஒன்றை வாங்க வேண்டும். துருப்பிடித்த பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, 1930-களில் வந்த கார்களைப் போல நீண்ட முகப்பும், அகன்ற மட்கார்டும், உருண்டை விளக்குகளும் கொண்ட புதிய பாடியைத் தாங்களே கட்டி அதன்மேல் பொருத்த வேண்டும். இப்படி உருவாகும் வாகனத்தை உலகம் 'கிட் கார்' என்று அழைக்கிறது. சேசிஸ், இன்ஜின், ஸ்டீயரிங் முதலியவற்றைக் கொடுக்கும் பழைய காருக்கு 'டோனர் கார்' என்று பெயர். கண் தானம், இரத்த தானம் போல இதுவும் ஓர் உறுப்பு தானம்தான்.

இந்த ஆசை வெறும் பொழுதுபோக்கா, அல்லது ஒரு தொழிலுக்கு வழியா? நம் நாட்டில் இது நடக்கக்கூடிய காரியமா? நடக்கும் என்றால், நம் இளைஞர்களிடம் எது இருக்கிறது, எது இல்லை? இன்றைய உரை இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுகிறது.

பாடி கட்டுவது நமக்குப் புதிதல்ல

பாடி கட்டும் தொழில் இந்த மண்ணுக்குப் பழையது. மலாயா காலத்தில் பேருந்துகளும் லாரிகளும் பல வேளைகளில் இன்ஜின் பொருத்திய வெறும் சேசிஸாகவே கப்பலில் வந்திறங்கின. 1901-இல் திறக்கப்பட்டு, 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகம் அப்படிப்பட்ட சரக்குகளுக்கு வாசலாக இருந்தது. மரச்சட்டம் அடித்து, தகரம் போர்த்தி, இருக்கை வைத்து அவற்றைப் பேருந்துகளாகவும் லாரிகளாகவும் மாற்றியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். செந்தூல் ரயில்வே பட்டறையில் தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பின்னாளில் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்ததும் அதே வரலாற்றின் ஒரு பகுதி. ஆகவே, கை நம்மிடம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

கெப்போங் காட்டிய வழி

அதே கோலாலம்பூரில், கெப்போங்கில், இந்த ஆசை ஒரு தொழிற்சாலையாகவே எழுந்து நின்றிருக்கிறது. புஃபோரி என்ற பெயரைக் கார் பிரியர்கள் அறிவார்கள். 1986-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜெரி கௌரி என்பவர் தமக்கும், தம் சகோதரர்கள் அந்தோணி, ஜார்ஜ் ஆகியோருக்கும் என மூன்று கார்களைக் கட்டத் தொடங்கினார். விற்பதற்காக அல்ல, தாங்கள் ஓட்டுவதற்காகவே கட்டினார். பார்த்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள், தொழில் பிறந்தது. 1990-களில் அந்நிறுவனம் மலேசியாவுக்கு இடம்பெயர்ந்தது. 1998 முதல் அதன் தயாரிப்பு முழுவதும் இங்கே நடந்தது.

அந்தக் கார்களின் தோற்றம் 1930-களைச் சேர்ந்தது. ஆனால் பாடியின் பொருள், விமானங்களிலும் பந்தயக் கார்களிலும் பயன்படும் கார்பன் ஃபைபரும் கெவ்லாரும். 2010-இல் ஜெனிவா மோட்டார் கண்காட்சியில் 'ஜெனிவா' என்ற பெயரிலேயே அந்நிறுவனம் ஒரு பெரிய சலூன் காரை வெளியிட்டது. அதில் இருந்தது அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்தின் 6.1 லிட்டர் வி8 இன்ஜின். கெப்போங்கில் கையால் கட்டப்பட்ட கார் ஐரோப்பியக் கண்காட்சி மேடையில் நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்னோர் உதாரணம் டிடி2000. 1950 முதல் 1953 வரை இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி. டிடி என்ற திறந்த காரின் சாயலில், டொயோட்டாவின் 2 லிட்டர் இன்ஜினுடன் மலேசியாவில் கட்டப்பட்ட கார் அது. இவ்விரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. பழைய அழகும் புதிய இயந்திரமும் சேர்ந்த காரை இந்த நாட்டில் கட்ட முடியும். அப்படியானால் ஒரு சாதாரணப் பட்டறைக்கும் அந்த இடத்துக்கும் நடுவே நிற்பது என்ன? அதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. அளவும் ஆவணமும்தான் பெரிய இடைவெளி.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

முதலில் டோனர் காரைப் பார்ப்போம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். கிட் காருக்குச் சேசிஸ்தான் சுவர்.

எல்லாப் பழைய காரும் இதற்கு உதவாது. 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா நம் எல்லாருக்கும் பிரியமான கார். ஆனால் அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்த்து வெல்டிங் செய்யப்பட்ட ஒரே கூடு அது. பாடியை வெட்டினால் காரின் வலிமையே போய்விடும். இன்றைய கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

பாடி தனி, அடிப்பகுதி தனி என்று இருக்கும் கார்களே இதற்கு ஏற்றவை. உலகெங்கும் கிட் கார் கட்டுபவர்கள் அதிகம் தேடியது வோக்ஸ்வேகன் பீட்டல். 2003 ஜூலையில் மெக்சிகோவில் கடைசிக் கார் வெளிவரும் வரை 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டல்கள் தயாராயின. 1960-களின் இறுதியில் ஷா ஆலாமிலேயே அவை பொருத்தி விற்கப்பட்டன. போல்ட்டுகளைக் கழற்றினால் அதன் பாடி மொத்தமாக மேலே வந்துவிடும். கீழே இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் அப்படியே நிற்கும்.

சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரான டிரையம்ப் ஹெரால்டும் தனிச் சேசிஸ் கொண்ட கார்தான். இங்கிலாந்தில் 1970-களில் அதே சேசிஸின் மேல் எம்.ஜி. சாயலுள்ள பாடியைப் பொருத்தி 'ஜென்ட்ரி' என்ற கிட் கார் விற்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நல்ல நிலையில் உள்ள பீட்டலையோ ஹெரால்டையோ கிட் காருக்காகப் பிரிப்பது பாவம் மட்டுமல்ல, நட்டமும் கூட. அசல் நிலையில் உள்ள பழைய காருக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. பாடி கெட்டு, அடிப்பகுதியும் பதிவும் உயிரோடு இருக்கும் காரே சரியான டோனர். பீட்டலில் பேட்டரி பின் இருக்கையின் கீழே இருப்பதால், அந்த இடத்துத் தரைத் தகடு முதலில் அரிக்கும். நம் நாட்டு ஈரப்பதத்தில் அதைத் தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கண் சொல்வதும் டேப் சொல்வதும்

டோனர் கிடைத்ததும் அடுத்தது அளவெடுப்பு. எம்.ஜி. டிடி சாயலில் உலகில் பல கிட் கார்கள் பீட்டலின் மேல் கட்டப்பட்டன. ஏன்? முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலுள்ள தூரம் எம்.ஜி. டிடியில் 94 அங்குலம், பீட்டலில் 94.5 அங்குலம். அரை அங்குலமே வித்தியாசம். இந்த ஓர் அளவுப் பொருத்தம் ஒரு தொழிலையே உருவாக்கியது.

ஆனால் அளவு பொருந்தினால் போதாது. பீட்டலின் இன்ஜின் பின்னால் இருக்கிறது. 1930-களின் காருக்கு அழகே நீண்ட முன்பகுதியும், ஓட்டுநர் பின்தள்ளி அமர்ந்திருக்கும் தோற்றமும். பீட்டலின் இருக்கையையும் பெடலையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே நீண்ட முகப்பை வைத்தால், ஓட்டுநர் காரின் மூக்கில் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது; ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். அதோடு, பீட்டலின் இன்ஜின் காற்றால் குளிர்வது. பின்பக்கம் காற்றோட்டத்துக்கு வழி விடாமல் அழகாக மூடிவிட்டால், கோலாலம்பூர் நெரிசலில் இன்ஜின் கொதித்துவிடும்.

ஆகவே களிமண்ணையோ மரத்தையோ தொடுவதற்கு முன், சேசிஸின் ஒவ்வொரு போல்ட் துளையையும், ஸ்டீயரிங் சாய்வையும், பெடல் இடத்தையும், பெட்ரோல் தொட்டியையும் அளந்து வரைபடம் போட வேண்டும். நம் பட்டறைகளில் கண் மட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். ஒரு கதவைத் தட்டி எடுக்க அது போதும். ஒரே மாதிரி பத்துக் கதவு செய்ய அது போதாது.

ஒரு பாடிக்கு மூன்று முறை உழைப்பு

பைபர் கிளாஸ் பாடி என்றால் நேராக ஊற்றி எடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் மரச்சட்டம், ஃபோம், புட்டி ஆகியவற்றால் காரின் முழு அளவில் மூல வடிவம் செய்ய வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருக்க, குறுக்குவெட்டு அட்டைகளை வெட்டி வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு நீண்ட பலகையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து, பளபளக்கும் கறுப்புச் சாயம் அடித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விளக்கின் பிம்பம் எங்கே நெளிகிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது.

இரண்டாவது, அந்த வடிவத்தின் மேல் மெழுகு பூசி அச்சு எடுப்பது. அச்சு, பாடியைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்க வேண்டும். வெளிப்புறத்தில் சட்டம் கட்ட வேண்டும். இல்லையேல் அச்சே முறுக்கிக்கொள்ளும். உருண்டு உள்வாங்கும் மட்கார்டு போன்ற இடங்களில் அச்சைத் துண்டு துண்டாகப் பிரியும்படி செய்யாவிட்டால், பாடி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பாடி. முதலில் ஜெல்கோட், பிறகு ரெசினில் நனைத்த கண்ணாடி இழை மேட். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். 10 சதுர மீட்டர் பரப்புள்ள பாடிக்கு மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். மேட் 13.5 கிலோ. ரெசின் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது சுமார் 34 கிலோ. ஆக, இரும்புச் சட்டம் சேராமல் பாடி 50 கிலோவுக்குள் முடிகிறது. இந்தக் கணக்கைப் போடாமல், பலமாக இருக்கட்டும் என்று அடுக்கிக்கொண்டே போனால் எடை கூடும், செலவு கூடும், விரிசலும் வரும்.

நம் வெப்பநிலையில் ரெசின் வேகமாக இறுகும். குளிர் நாட்டுக் கணக்குப்படி ஹார்டனர் ஊற்றினால் வேலை முடிவதற்குள் வாளியிலேயே கெட்டியாகிச் சூடேறும். அந்த ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரெசின் ஆவியும் கண்ணாடித் தூசியும் நுரையீரலுக்குப் பகை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இதைப் பெற்றோர்களும் பட்டறை முதலாளிகளும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அழகைவிட உயிர் பெரிது

பைபர் கிளாஸ் மழையைத் தடுக்கும், மோதலைத் தாங்காது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மோதலின் நொடியில் சீட் பெல்ட்டை இழுக்கும் விசை ஒரு டன்னைத் தாண்டக்கூடும். அந்தப் பெல்ட்டின் போல்ட் பைபரில் மட்டும் மாட்டப்பட்டிருந்தால், பெல்ட்டோடு சேர்ந்து பிய்ந்து வரும். பெல்ட்டும் இருக்கையும் கதவுக் கீலும் இரும்புச் சட்டத்தில்தான் இணைய வேண்டும். அந்தச் சட்டம் சேசிஸோடு இணைய வேண்டும்.

இங்கிலாந்து அரசு மாற்றிக் கட்டிய கார்களை மதிப்பிட நெடுங்காலம் கையாண்ட புள்ளி முறை இதற்கு நல்ல பாடம். அசல் சேசிஸுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. இன்ஜினுக்கு 1 புள்ளிதான். 8 புள்ளி இருந்தால் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாம். சேசிஸ் தனியாக உள்ள காரில், எல்லாரும் பார்த்து வியக்கும் பாடிக்கு எத்தனை புள்ளி? ஒன்றுகூட இல்லை. சட்டத்தின் கண்ணுக்குக் காரின் அடையாளம் அழகில் இல்லை, அடித்தளத்தில் இருக்கிறது.

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனக் கட்டுமானம் குறித்த 1959-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. காரின் அமைப்பை மாற்ற ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். வாகனப் பரிசோதனையில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்த பிறகு இழப்பீட்டுக்கே தடையாக வந்து நிற்கலாம்.

பலர் செய்வது என்ன? இரண்டு வருடம் உழைத்துக் காரைக் கட்டி முடித்துவிட்டு, பிறகு அனுமதிக்கு அலைகிறார்கள். சேர்த்து வைத்த பணமும் இளமையும் தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறது. வரைபடம் கையில் இருக்கும்போதே, சேசிஸை வெட்டுவதற்கு முன்பே, இலாகாவின் கதவைத் தட்ட வேண்டும். இது சாலையில் ஓட வேண்டிய காரா, கண்காட்சியில் நிற்க வேண்டிய காரா என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

இன்னோர் ஆவணமும் உண்டு. கலிபோர்னியாவில் படகுகள் கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் 1960-களில் பீட்டலின் அடிப்பகுதியைக் குறுக்கி, பைபர் கிளாஸ் பாடி பொருத்தி 'மேயர்ஸ் மேங்ஸ்' என்ற மணல்மேட்டு வண்டியைப் படைத்தார். உலகமே அதைக் காப்பியடித்தது. அவர் நீதிமன்றம் போனார். காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது. ஆயிரக்கணக்கில் விற்றும், அவர் தம் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டு தொழில்துறை வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. சொந்தமாக ஒரு வடிவம் படைத்தவர் அதை ஊருக்குக் காட்டும் முன்பே பதிவு செய்வது நல்லது. அதேபோல், பிறருடைய சின்னத்தை நம் காரில் ஒட்டுவதும் தவறு.

கைக்கும் ஒரு சான்றிதழ்

கடைசியாக, காருக்கு மட்டுமல்ல, அதைக் கட்டுபவருக்கும் ஆவணம் வேண்டும். இருபது வருடம் வெல்டிங் வைத்தவர் நம்மிடையே உண்டு. அவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது. அதனால் வங்கிக் கடனோ, பெரிய நிறுவனத்தில் உயர்ந்த வேலையோ அவருக்கு எட்டாமல் போகிறது. 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., வழங்கப்படுகிறது. வகுப்பில் உட்காராமல், செய்த வேலைகளை ஆதாரமாகக் காட்டி, முன் அனுபவத்தின் பேரிலும் அதைப் பெற வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டு இலாகாவில் இதைப் பற்றி விசாரிக்கலாம்.

எல்லாரும் புஃபோரி ஆகிவிட முடியாது. கையால் கட்டும் விலையுயர்ந்த காருக்குச் சந்தை சிறியது. ஆனால் சரியான அச்சு எடுக்கத் தெரிந்தவருக்குக் கார் மட்டுமே சந்தை அல்ல. பேருந்து பம்பர், படகு, தண்ணீர்த் தொட்டி, பழைய கார்களுக்குக் கிடைக்காத மட்கார்டு என்று வேலை பல இருக்கின்றன. ஒரு கிட் காரைக் கட்டக் கற்றவர் இவை அனைத்தையும் கற்றவர் ஆகிறார்.

ஒரு பட்டறையால் தனியாக முடியாததை மூவர் சேர்ந்தால் முடிக்கலாம். தகரமும் வெல்டிங்கும் தெரிந்த அனுபவசாலி ஒருவர், தொழிற்பயிற்சிக் கழகத்தில் கணினி வரைபடம் கற்ற இளைஞர் ஒருவர், பைபர் கிளாஸ் வேலை அறிந்தவர் ஒருவர். முதல் காரை விற்பதற்காகக் கட்ட வேண்டாம். கௌரி சகோதரர்களைப் போலத் தங்களுக்காகக் கட்டட்டும். ஆனால் முதல் நாள் முதலே ஒவ்வோர் அளவையும், ஒவ்வொரு புகைப்படத்தையும், ஒவ்வொரு ரசீதையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கட்டும். அந்தக் கோப்புதான் நாளை ஜேபிஜே அதிகாரிக்கும், காப்புறுதி நிறுவனத்துக்கும், திறன் சான்றிதழ் மதிப்பீட்டாளருக்கும் பதில் சொல்லும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. படிப்பில் பின்தங்கிய மகன் பழைய காரைச் சுற்றிச் சுற்றி வந்தால் அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் கையில் சுத்தியல் இருக்கிறது. அதோடு ஓர் அளவுகோலும், ஒரு கோப்பும் வாங்கிக் கொடுங்கள்.